அரை கிரவுண்டில் ஒரு பாய்மரம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்து நர்சரிகளில் இரண்டு செடிகள் முன்வரிசைக்கு வந்துவிடும். ஒன்று குத்துவிளக்கை அடுக்கி வைத்ததுபோல் தட்டுத் தட்டாகக் கிளை விரித்திருக்கும். இன்னொன்று தீச்சுடர் மாதிரி கீழே பருத்து மேலே கூர்ந்து, தொட்டால் காகிதம்போல் தட்டையான இலையோடு நிற்கும். பெயர் கேட்டால் முதலாவதை 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்பார்கள். இரண்டாவது 'தூஜா'. இரண்டும் பெரும்பாலும் ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரி ஏறி வந்தவை.

சென்னைப் புறநகரான எங்கள் கோவிலம்பாக்கத்தில் புதுவீடு கட்டிக் குடிவருகிற யாரும் வாசலில் வைக்க இவை இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். வருடம் முழுக்கப் பச்சை, இலைக் குப்பை குறைவு, பார்க்க வெளிநாட்டு வீடு மாதிரி இருக்கும் என்பது கணக்கு. "நம்ம வெயிலுக்கு இது வருமா?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே வரும். வெயில் இவற்றுக்கு எமன் இல்லை. எமன் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இவை யார் என்று பார்த்துவிடலாம்.

ஊசியிலை மரங்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்த வகை இது. ஆனால் வேடிக்கை, இந்த இரண்டுக்குமே ஊசி இல்லை. கிறிஸ்துமஸ் மரத்தின் இலை, கொக்கிபோல் உள்பக்கம் வளைந்த குட்டி முள். தூஜாவுக்கோ மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இலை. ஊசிபோல் தொங்கவிட்டுக்கொண்டு நம் கடற்கரை முழுக்க நிற்கிற சவுக்கு, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது பூக்கிற மரம், அந்த 'ஊசி' உண்மையில் அதன் மெல்லிய குச்சி. ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக் கரையோரம் தோப்புத் தோப்பாக நட்டார்கள். நம் ஊர் தேவாலயங்களில் வெகுகாலம் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரமாக நின்றது. சொந்தக்காரன் இல்லாவிட்டாலும் வேடம் பொருந்தியிருந்தது.

இந்தக் குடும்பத்துக்கு அடையாளம் இலை அல்ல, கூம்பு. பூவும் பழமும் இல்லாமல், செதில்கள் சுற்றி அடுக்கிய கூம்புக்குள் விதையை வைத்து வளர்க்கிற மரங்கள் இவை. கூம்பு என்ற நம் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. சங்கப் பாட்டுகளில் கூம்பு என்றால் கப்பலின் பாய்மரம். இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான், ஆனாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கதை அங்கேதான் போகப்போகிறது.

அந்நியச் செடி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பாறை அடுக்குகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரப் படிவங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்தக் கிறிஸ்துமஸ் மரத்தின் பூர்வீக உறவுகளும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற அடிமரங்களில் கூம்பு மரம் ஒன்றும் அடக்கம். இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், அகத்தியர் மலைப் பக்கத்துச் சோலைகளில், இயற்கையாகவே வளர்கிற கூம்பு மரம் ஒரே ஒரு வகை இருக்கிறது. அதற்கு இலை அகலமானது. பார்த்தால் யாரும் இந்த இனம் என்று நம்பமாட்டார்கள். ஆக, இந்தக் குடும்பம் நம் மண்ணை மறந்துபோன பழைய குடித்தனக்காரர்.

முதலில் அடுக்குக்காரரை எடுத்துக்கொள்வோம். பூந்தொட்டிச் சீட்டில் 'அராகேரியா' என்று எழுதியிருக்கும், சில இடங்களில் 'நார்ஃபோக் பைன்' என்றும். இந்தியாவிலும் மற்ற வெப்ப நாடுகளிலும் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பாலானவை நார்ஃபோக் தீவுக்காரர் அல்ல. நியூ கலிடோனியாவைச் சேர்ந்த 'குக் பைன்'. சிறு வயதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். வளர்ந்தபின் தெரியும்: நார்ஃபோக் மரம் அகன்ற முக்கோணமாக நிற்கும், குக் மரம் ஒல்லியான தூணாக நிற்கும்.

அந்தத் தூண் விஷயத்தில்தான் 1774 செப்டம்பரில் ஒரு கப்பலில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஜேம்ஸ் குக்கின் 'ரெசல்யூஷன்' கப்பல் நியூ கலிடோனியாக் கரையோரம் போய்க்கொண்டிருக்கிறது. தொலைவில் தீவு ஒன்றில் நெட்டநெடிய கம்பங்கள் கூட்டமாகத் தெரிகின்றன. மாலுமிகள் மரம் என்றார்கள். கப்பலில் இருந்த அறிஞர்கள், அவர்களில் ஜொஹான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர் முக்கியமானவர், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கல்தூண்கள் என்று அடித்துச் சொன்னார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மரம்தான். குக் தன் குறிப்பில் இதைக் கொஞ்சம் கேலியோடு எழுதியிருக்கிறார். அறிவியல் பெயரில் அந்த வாக்குவாதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: அராகேரியா கொலும்னாரிஸ், அதாவது தூண்போன்ற அராகேரியா.

குக்குக்கு அந்த மரங்கள்மேல் கண் விழுந்த காரணம் அழகு அல்ல. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் கப்பலுக்கு முறிந்த பாய்மரத்துக்கும் குறுக்குக் கழிகளுக்கும் மாற்று வேண்டும். நேராக, கணு குறைவாக நிற்கிற மரம் அவருக்குத் தங்கச் சுரங்கம். கரையோரத் தீவில் இறங்கிச் சில கழிகளை வெட்டவும் செய்தார். அடுத்த மாதமே நார்ஃபோக் தீவைக் கண்டபோது அங்கிருந்த இதே இனத்து மரங்களைப் பார்த்து இன்னும் அதிகம் மகிழ்ந்தார். 1788ல் ஆங்கிலேயர் அங்கே குடியேற்றம் தொடங்கியதற்கு இந்தப் பாய்மர ஆசையும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தபின்தான் தெரிந்தது, பெரிய பாய்மரத்துக்கு வேண்டிய வலு அந்த மரத்தில் இல்லை.

உங்கள் வாசலில் ஒன்றரை அடியில் நிற்கிறது என்று பார்க்காதீர்கள். பாய்மரத்துக்குப் பிறந்த சாதி அது. சொந்த மண்ணில் 60 மீட்டர்வரை போகும். இருபது மாடி உயரம்.

இந்த மரத்துக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. 2017ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஐந்து கண்டங்களில் 256 குக் மரங்களை அளந்தார்கள். ஏறக்குறைய எல்லாம் சாய்ந்திருந்தன, அதுவும் பூமத்தியரேகையை நோக்கி. வடக்குப் பாதியில் நிற்பவை தெற்கே, தெற்குப் பாதியில் நிற்பவை வடக்கே. சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி, பைசா கோபுரத்தின் இன்றைய சாய்வைப்போல் இரண்டு மடங்கு. பூமத்தியரேகையிலிருந்து விலக விலகச் சாய்வு கூடுகிறது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. நாம் 13 டிகிரியில் இருப்பதால் இங்கே சாய்வு லேசாகத்தான் இருக்கும். ஆனாலும் பழைய தேவாலய வளாகத்தில் உயர்ந்த அராகேரியா ஒன்றைப் பார்த்தால் நான் நின்று திசை பார்க்காமல் நகர்வதில்லை. பெங்களூரு லால்பாக் போகிறவர்களும் பார்க்கலாம்.

அது வளர்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் நர்சரியில் ஏமாறமாட்டீர்கள். உச்சியில் ஒரே ஒரு கொழுந்து. அதுதான் செங்குத்தாக ஏறும். அவ்வப்போது நின்று, ஐந்தாறு கிளைகளை ஒரே மட்டத்தில் சக்கரம்போல் வீசிவிட்டு, மறுபடி ஏறும். அப்படித்தான் அடுக்கு உண்டாகிறது. பக்கக் கிளைக்கோ மேலே போகத் தெரியாது. பக்கக் கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைத்தாலும், அது வாழ்நாள் முழுக்கப் பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும். தாய்மரத்தில் தனக்கு இட்ட வேலையை மறக்காது. அதனால் நேரான மரம் வேண்டுமென்றால் விதையிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் நுனிக்கொழுந்தை வெட்டி வேர் பிடிக்க வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது அடுக்கின் அழகை மட்டும் பார்க்காமல், உச்சியில் ஒற்றைக் கொழுந்து உடையாமல் இருக்கிறதா, தண்டு நடுவில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தொட்டியில் மூன்று கன்றைச் சேர்த்து நெருக்கி 'நல்ல புஷ்டி' என்று விற்பதும் உண்டு. மூன்று வருடத்தில் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கீழ் அடுக்கு காய்ந்து விழுந்த செடியை விலை குறைத்துத் தருவார்கள். இளம் செடியில் விழுந்த அடுக்கு திரும்ப வராது.

இப்போது நம் அளவுக்கு வருவோம். இங்கே பெரும்பாலான மனை 600 சதுர அடியிலிருந்து அரை கிரவுண்டுவரை, அதாவது 1200 சதுர அடி. சுற்றிலும் மூன்றரை அடி, முன்பக்கம் ஐந்தடி விட்டால் பெரிது. அந்த ஐந்தடிக்குள் சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி எல்லாம் உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேல் மின்கம்பி. கம்பியைத் தொடுகிறது என்று ஒரு நாள் வாரியத்து ஆட்கள் உச்சியை வெட்டினால், மரம் மூன்று நான்கு புதுக் கொழுந்தைக் கிளப்பும். அதன் அழகு அதோடு சரி. போதாததற்கு அராகேரியா இலையை உதிர்ப்பதில்லை, காய்ந்த குச்சியை முழுசாகக் கயிறுபோல் போடும். அது மொட்டை மாடியில் விழுந்தால் நேராகப் போய் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். 2003லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் ஐப்பசியில் அடைத்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அராகேரியா இங்கே தொட்டி மரம். பெரிய சிமெண்ட் தொட்டியிலோ பாதி டிரம்மிலோ வைத்தால் வேர் நெருக்கத்தில் வளர்ச்சி மட்டுப்படும், எட்டுப் பத்து வருடம் அழகாக நிற்கும். வரவேற்பறைக்குள் கொண்டுபோய் வைக்கலாம், ஆனால் ஜன்னல் வெளிச்சம் வேண்டும். ஏசி அறையின் இருட்டு மூலையில் மாதக்கணக்கில் வைத்தால் கீழிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிவிடும்.

தூஜாவின் கதை வேறு. லின்னேயஸ் 1753ல் இதற்குத் தூஜா ஓரியன்டாலிஸ் என்று பெயர் வைத்தார். பிற்காலத் தாவரவியலாளர்கள் உற்றுப் பார்த்து, இது தூஜாவே இல்லை என்று தனிப் பேரினமாக்கிவிட்டார்கள். தூஜாவின் விதைக்குச் சிறகு உண்டு, இதற்கு இல்லை. கூம்பின் செதில் நுனியில் கொக்கி இருக்கிறது. பிளாட்டிகிளாடஸ், தட்டைக் கிளைக்காரர் என்பது இன்றைய பெயர். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். நர்சரிக்காரரிடம் போய் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார். 'தூஜா' என்றே கேளுங்கள். ஹோமியோபதியில் மருவுக்குத் தருகிற தூஜா நினைவுக்கு வந்தால், அது வட அமெரிக்கத் தூஜா. அந்த நம்பிக்கையில் வாசல் செடியைக் கிள்ளிக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், இந்தச் செடிகளின் எண்ணெய் உள்ளே போனால் நல்லதல்ல.

இதன் கிளை விசிறிகள் தரைக்குச் செங்குத்தாக, புத்தகத்தின் பக்கங்கள்போல் நிற்கும். முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் இல்லாமல் இரண்டு முகமும் ஒரே பச்சை. வடக்கே இதை மோர்பங்கி, மயிலிறகு என்கிறார்கள். 'வித்யா' என்று பெயர் சொல்லி இதன் இலையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வதும் அங்கே உண்டு. குட்டி போடும் என்று நம்பி மயிலிறகைப் புத்தகத்தில் ஒளித்துவைத்த தலைமுறைக்கு இந்தப் பழக்கத்தைப் புரியவைக்கத் தேவையில்லை.

சீனாவும் கொரியாவும் இதன் பூர்வீகம். பெய்ஜிங் நகரத்தின் அடையாள மரங்களில் ஒன்று; ஆயிரம் வயது கடந்த மரங்கள் அங்கே பழைய கோவில்களிலும் பூங்காக்களிலும் நிற்கின்றன. மெதுவாக வளர்வதுதான் அந்த ஆயுசின் ரகசியம். நமக்கு அந்த மெதுவே வசதி. நர்சரியில் கிடைக்கும் குட்டை வகைகளும் தங்க நிற வகையும் பல வருடங்கள் ஆள் உயரத்திலேயே நிற்கும். சுண்ணாம்பு கலந்த மண், கட்டடக் கழிவு கலந்த மண், ஒரு வாரம் தண்ணீர் மறந்த வாசல் என்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். வெயில் மட்டும் குறையக்கூடாது. நிழலில் விசிறி நெகிழ்ந்து செடி உள்ளே வெறிச்சோடும்.

வெட்டுவதில் ஒரு கவனம். விசிறியை விலக்கி உள்ளே பாருங்கள், பழுப்பாகக் காய்ந்த பகுதி இருக்கும். அது நோய் அல்ல, வெளிச்சம் படாத பழைய இலை. ஆனால் வெளிப் பச்சையைத் தாண்டி அந்தப் பழுப்புவரை கத்தரித்துவிட்டால் அங்கிருந்து துளிர் வராது, ஓட்டை அப்படியே நிற்கும். செம்பருத்தி வேலியை மொட்டையடித்துப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். சித்திரை வைகாசியில் இலை மங்கித் தூசி படிந்ததுபோல் தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். ஊர்கிற புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன். வாரம் இரண்டு முறை காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின்மேல் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி எமனுக்கு வருவோம். கோவிலம்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வாசலில் இருக்கிறது. 2022ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பின் இன்றைய பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். முன்பு இருந்ததில் இது மிச்சம். நாராயணபுரம், கீழ்க்கட்டளை ஏரிகளின் தண்ணீரும் அந்தப் பக்கமே போகிறது. இங்கே மேலே இரண்டடி கொட்டின மண், கீழே களி. கார்த்திகையில் ஒரு கடப்பாரை ஆழத்தில் தண்ணீர் ஊறும். வேருக்குத் தண்ணீரைப்போலவே காற்றும் வேண்டும். மண் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பினால் காற்று வெளியேறிவிடும், வேர் மூச்சுத் திணறும், அழுகல் பூஞ்சைக்குக் கதவு திறக்கும். வாழையும் கல்வாழையும் நிற்கிற அந்த ஈரத்தில் நம் இருவரும் நிற்கமாட்டார்கள்.

கொடுமை என்னவென்றால் இவை செத்தது உடனே தெரியாது. மெழுகு பூசிய சிறு இலைகள் ஈரத்தை விடாமல் பிடித்திருப்பதால், வேர் அழுகிப் பல வாரம் ஆனபின்னும் தலை பச்சையாகவே இருக்கும். வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் மரம் வாரக்கணக்கில் வாடாமல் நிற்பதும் இதே சங்கதிதான். கார்த்திகை மழையில் செத்த தூஜா தை மாதத்தில் பழுக்கிறது. மழை நின்றுவிட்டதே, தண்ணீர் போதவில்லை போல என்று வீட்டுக்காரர் இரண்டு வாளி கூட ஊற்றுகிறார். நானும் ஒரு செடியை அப்படித்தான் வழியனுப்பினேன்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை: ஓரடிக் குழி தோண்டி, இரவில் தண்ணீர் நிரப்புங்கள். காலையிலும் தேங்கியிருந்தால் அந்த இடம் வேண்டாம், அல்லது செங்கல் கட்டி ஒன்றரை அடி மேடை எழுப்பி அதன்மேல் நடுங்கள். செம்மண்ணோடு கரடு மணலும் நன்றாக மக்கிய தொழு உரமும் கலந்தால் போதும். தேங்காய் நார்க்கழிவை அள்ளிப் போடுகிற வழக்கம் இப்போது அதிகம். வெயிலுக்கு நல்லது, அடைமழையில் அதுவே ஈரத் துணி. நட ஏற்ற மாதம் தை அல்லது மாசி. கிறிஸ்துமஸுக்கு வாங்கினாலும் பொங்கல்வரை தொட்டியிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, உப்புக் கரிக்கிற வீடுகள் இங்கே நிறைய. கடற்காற்றில் பிறந்த அராகேரியா உப்புக்கு ஓரளவு அசையாது. ஆனால் தொட்டியில் உப்பு போக வழியில்லாமல் சேரும், விளிம்பில் வெள்ளைப் படலம் தெரியும். மழைக்காலத்தில் தொட்டியை வானம் பார்க்க வைத்து அடித்துளையைத் திறந்துவிட்டால் அந்த வருடத்துக் கணக்கு தீர்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். சிட்னிக் கடற்கரையில் நார்ஃபோக் மரங்கள் ஒரு காலத்தில் வரிசையாகக் காய்ந்ததற்கு, கழிவுநீரில் கலந்த சலவைத்தூள் கடற்காற்றில் ஏறி இலையில் படிந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். உப்பைத் தடுத்த மெழுகை அது கரைத்துவிட்டது. துணி அலசின தண்ணீரைச் செடிக்கு விடுகிற நம் சிக்கனம் இந்த ஒரு செடிக்குப் பொருந்தாது.

காற்றைப் பற்றிக் கேட்பீர்கள். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்த காட்சி யாருக்கும் மறக்காது. புயல் தீவில் பிறந்த அராகேரியாவின் அடுக்குகளுக்கு இடையே காற்று புகுந்து போகும், அதனால் நிலத்தில் வேரூன்றிய மரம் தாங்கும். மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிற மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியைச் சுவரோரம் படுக்க வையுங்கள், கொழுந்து உடையாத திசையில். குட்டையான தூஜாவை அன்றைக்கு மறந்துவிடலாம்.

என் தீர்ப்பு கேட்டால், அரை கிரவுண்டுக்காரருக்குத் தரையில் மேடைகட்டி ஒரு தூஜா. இடம் இருந்தால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அராகேரியா அழகில் இதைவிட ஒரு படி மேல்தான், ஆனால் தொட்டியில். இரண்டும் நிழல் தராது, அதற்குத் தெருவோரம் ஒரு புங்கன் வையுங்கள்.

எதிர்வீட்டு அண்ணன் இரண்டையும் வாங்கினார். தூஜா கேட் பக்கம் மேடையில் நிற்கிறது. அராகேரியா டிரம்மில் இரண்டாவது மாடியில் இருக்கிறது; டிசம்பர் கடைசி வாரம் மட்டும் நான்கு பேர் பிடித்துக் கீழே கூடத்துக்கு இறக்குவோம். போன முறை மாடிப்படித் திருப்பத்தில் கொழுந்து மேல்தளத்தை உரசியது. இன்னும் இரண்டு அடுக்கு வந்தால் இறங்காது. அன்றைக்கு மாலையே அவர் டேப் எடுத்துக்கொண்டு மூலைத்தெருப் பள்ளி மைதானத்தில் மின்கம்பி இல்லாத பக்கம் எது என்று பார்த்துவிட்டு வந்தார்.